4.5 போய் 4.2 வந்தது எப்படி முன்னேற்றம்? சிங்கப்பூர்த் தொழிலாளர் தங்குவிடுதிகளின் கணக்கு

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளின் தரத்தை உயர்த்துகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் சில எண்களும் சேர்ந்து வருகின்றன. ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர், 2030, 2040. புதுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் மகனையோ கணவரையோ அங்கே அனுப்பிவிட்டு இருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: அறை பெரிதாகிவிட்டதா, இல்லையா? பழைய விதியில் 4.5 சதுர மீட்டர் என்று இருந்ததாக இன்னொரு செய்தி சொல்கிறது. அப்படியானால் 4.2 குறைவுதானே?

சிலருக்கு அறை பெரிதாகியிருக்கிறது. பலருக்கு இன்னும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள முதலில் சதுர மீட்டர் கணக்கைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, அந்தக் கணக்குக்குள் வராத ஒன்றையும் பார்க்க வேண்டும். கட்டில் எவ்வளவு பெரியது என்பதை விடுதி விதி சொல்கிறது. அந்தக் கட்டிலில் ஒருவர் எத்தனை நாள் படுக்கலாம், அதைப் பற்றி வாய் திறக்கலாமா என்பதை வேலை அனுமதிச் சீட்டும் ஊரில் வாங்கிய கடனும் சொல்கின்றன. இரண்டில் பின்னதுதான் ஒருவரின் வாழ்க்கையை அதிகம் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

யார், எங்கே தங்குகிறார்கள்

கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் மற்றும் ரசாயன ஆலைகளின் கட்டமைப்பு, பராமரிப்பு ஆகிய துறைகளில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார்கள். தொழிலாளர்கள் பேச்சில் அது ‘ஒர்க் பெர்மிட்’. பங்களாதேஷ்காரர்களும் இந்தியர்களும் இவர்களில் பெரும்பகுதி. இந்தியர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் மிகுதி. வீட்டுப் பணிப்பெண்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்குகிறார்கள். அவர்களுடைய நிலைமை வேறு வகை, தனியாக எழுத வேண்டியது.

ஆண் தொழிலாளர்கள் தங்கும் இடங்கள் மூன்று வகை.

1. இதற்கென்றே கட்டப்பட்ட பெரிய தங்குவிடுதிகள். துவாஸ், கிராஞ்சி, பொங்கோல், சுங்கை தெங்கா போன்ற ஒதுக்குப்புறங்களில் இருப்பவை. சிலவற்றில் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள். உள்ளேயே மளிகைக் கடை, உணவுக் கடை, பணம் அனுப்பும் வசதி இருக்கும்.
2. தொழிற்சாலைக் கட்டடத்தின் ஒரு பகுதியை மாற்றி அமைத்த விடுதிகள். எண்ணிக்கையில் இவையே அதிகம், ஒவ்வொன்றும் சிறியது.
3. கட்டுமானத் தளத்திலேயே போடப்படும் தற்காலிகக் குடியிருப்புகள்.

2020-இல் முதல் வகை 43 இருந்தன, அவற்றில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். இரண்டாம் வகை சுமார் 1,200, அவற்றில் 95,000 பேரளவில். தளத்திலேயே தங்கியவர்கள் 20,000 பேர் இருக்கலாம்.

இந்த வேறுபாடு முக்கியம். தங்குவிடுதிகளுக்கான தனிச் சட்டம் 2015-இல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, 1,000 படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. சிறிய விடுதிகளைத் தீ பாதுகாப்பு, கட்டடம், சுகாதாரம் என்று வெவ்வேறு துறைகள் வெவ்வேறு விதிகளின்கீழ் கவனித்தன. 2023 ஏப்ரல் 1 முதல்தான் 7 படுக்கை உள்ள இடம்கூட அந்தச் சட்டத்தின்கீழ் வந்தது. அதோடு சுமார் 1,600 விடுதிகளும் 4,39,000 படுக்கைகளும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்திகளில் அதிகம் இடம்பெறாத இந்த மாற்றத்தைச் சதுர மீட்டர் அறிவிப்புகளைவிடப் பெரியதாகவே நான் கருதுகிறேன். மோசமான அறைகள் சிறிய இடங்களில் ஒளிந்துகொள்ள முடிந்ததற்கு, பார்வையிட வருபவர் யார் என்பதே தெளிவாக இல்லாததும் ஒரு காரணம்.

சதுர மீட்டர் கணக்கு

பழைய விதியில் ஒருவருக்கு 4.5 சதுர மீட்டர் என்று இருந்தது உண்மை. ஆனால் அந்த 4.5-இல் படுக்கும் இடம் மட்டும் இல்லை. சமையலறை, சாப்பிடும் இடம், கழிப்பறை எல்லாவற்றிலும் அவருக்கு உரிய பங்கையும் கூட்டிச் சொன்ன எண் அது. அறைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது. நடைமுறையில் 12 முதல் 16 பேர் இருந்தார்கள்.

2021 செப்டம்பரில் வந்த புதிய தரநிலையின் 4.2 சதுர மீட்டர், தங்கும் அறைக்குள் இருக்கும் இடத்தை மட்டும் கணக்கிடுகிறது. சமையலறையும் கழிப்பறையும் இதில் சேராது. ஆகவே எண் குறைந்தாலும் இடம் கூடியிருக்கிறது. கூடவே வந்த மற்ற விதிகள்:

1. அறைக்கு அதிகபட்சம் 12 பேர்.
2. கட்டில்களுக்கு இடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி.
3. அறையோடு சேர்ந்த கழிப்பறை, குளியலறை. 6 பேருக்கு ஒன்று. முன்பு 15 பேருக்கு ஒன்று.
4. நோயுற்றவரைத் தனியே வைக்கப் படுக்கைகள்.
5. அறையில் இணைய வசதி.

இவற்றில் மூன்றாவதுதான் அன்றாட வாழ்க்கையை அதிகம் மாற்றக்கூடியது. லாரி விடியற்காலையில் புறப்படும். 15 பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் கடைசி ஆள் குளித்துக் கிளம்ப, முதல் ஆள் இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே எழ வேண்டியிருக்கும். ஆகவே தூக்கத்தில் ஒரு பகுதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். தூக்கம் குறைந்தவர் காலையில் சாரத்தின் மேல் ஏறுகிறார். கழிப்பறை விகிதம் வேலைப் பாதுகாப்பையும் தொடுகிறது.

4.2 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் சுமார் 45 சதுர அடி. 12 பேர் அறை என்றால் 540 சதுர அடி சொச்சம். சென்னையில் சின்னக் குடும்பம் ஒன்று குடியிருக்கும் வீட்டின் அளவில் 12 ஆண்கள்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும். 2020 ஜூனில் அரசு முதலில் முன்வைத்த முன்னோடித் திட்டம் ஒருவருக்கு 6 சதுர மீட்டர், அறைக்கு 10 பேர், 5 பேருக்கு ஒரு கழிப்பறை என்றது. 15 மாதம் கழித்து விதியாக வெளிவந்தபோது அது 4.2 ஆகவும், 12 ஆகவும், 6 ஆகவும் சுருங்கியிருந்தது. நிலத்துக்கும் செலவுக்கும் கட்டுப்பட்டுத்தான் சுருங்கியது. 6 சதுர மீட்டர் என்பது கற்பனையான கோரிக்கை இல்லை, அரசே ஒரு காலத்தில் நியாயமென்று நினைத்த அளவு என்பதும் அதே அளவுக்கு உண்மை.

2030, 2040 என்றால் என்ன

2021 செப்டம்பர் விதி அதற்குப் பிறகு கட்டும் விடுதிகளுக்கு. ஏற்கெனவே இருப்பவற்றுக்கு 2023 அக்டோபரில் ஒரு மாற்றத் திட்டம் அறிவித்தார்கள். சுமார் 1,000 விடுதிகள் இதில் அடங்கும்.

1. 2030-க்குள் இடைக்காலத் தரநிலை: ஒருவருக்கு 3.6 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர்.
2. 2040-க்குள் முழுத் தரநிலை.

இந்த ஆண்டு ஒருவர் பழைய விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால் செய்தியில் படித்த 4.2 அவருக்குக் கிடைக்கும் என்று உறுதியில்லை. ‘புதிய விதி வந்துவிட்டது’ என்பதும் ‘அறை அப்படியே இருக்கிறது’ என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

ஏன் இவ்வளவு நீண்ட அவகாசம்? 16 பேர் இருந்த அறையில் 12 பேரை வைத்தால் மீதி 4 பேருக்கு வேறு இடம் வேண்டும். எல்லா விடுதியும் ஒரே ஆண்டில் இதைச் செய்தால் பல்லாயிரம் படுக்கைகள் காணாமல் போகும். ஏற்கெனவே தட்டுப்பாடு இருந்தது. கொரோனா தொற்றுக் காலத்துக்கு முன் மாதம் 300 வெள்ளிக்குள் இருந்த படுக்கை வாடகை 2023-இல் 400 வெள்ளியைத் தாண்டிவிட்டது. (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்.) ஆகவே படிப்படியாகச் செய்வதற்கு நியாயம் உண்டு. அந்தப் படிகள் 2040 வரை நீள வேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2020-இல் 25 வயதில் அந்த அறைகளில் அடைபட்டுக் கிடந்தவருக்கு 2040-இல் 45 வயது. அவர் ஊர் திரும்பி வெகு காலம் ஆகியிருக்கும்.

விதி மாறியது எதனால்

கொரோனா பரவியதால் 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியையும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியையும் அரசு தனிமைப்படுத்தியது. இரண்டிலுமாக ஏறக்குறைய 20,000 பேர் அறைகளுக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. சில வாரங்களில் எல்லா விடுதிகளுக்கும் அதே நிலை. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்கின்படி, விடுதிவாசிகள் சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. சுமார் 1,52,000 பேர். பரிசோதனையில் நேரடியாகத் தெரிந்தவர்கள் 54,000 பேர் சொச்சம்; மற்றவர்களுக்கு வந்தது பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்ததை வைத்தே தெரிந்தது.

நகரின் மற்றப் பகுதிகள் மெல்லத் திறந்த பிறகும் தொழிலாளர்களுக்கு விடுதி, லாரி, வேலைத்தளம், மறுபடி விடுதி என்ற வட்டம் தொடர்ந்தது. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்குச் சில மணி நேரம் போய்வர அனுமதித்தார்கள். விடுதியை விட்டு வெளியே போக அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி 2022 ஜூன் மாதம்தான் நீங்கியது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற நான்கு இடங்களுக்கு மட்டும் தனி அனுமதி கேட்டார்கள்.

இந்த வரலாறு விதியின் உள்ளடக்கத்திலேயே தெரிகிறது. கட்டில்களுக்கிடையே 1 மீட்டர், தனிமைப் படுக்கைகள், குறைந்த பேர் பகிரும் கழிப்பறை எல்லாம் தொற்றைத் தடுக்கும் ஏற்பாடுகள். நல்லவைதான். ஆனால் நோய் பரவ வழிவகுக்காத குறைகளுக்கு அவற்றில் இடமில்லை. இரவுப் பணி முடித்து வருபவர் பகலில் உறங்க அமைதி உண்டா, வீட்டாருடன் தனியாகப் பேச ஒரு மூலை உண்டா, வேலைத்தளத்திலிருந்து விடுதி எத்தனை கிலோமீட்டர் என்பவற்றை எந்தச் சதுர மீட்டரும் அளக்காது. தொழிலாளர் உரிமைக் குழுக்கள் நெரிசலைப் பற்றித் தொற்றுக்கு முன்பே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. விதி மாற நோய் வர வேண்டியிருந்தது. அதற்கு என்ன காரணம் என்று கேட்டால், பதில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறது.

ஒரு சீட்டில் தொங்கும் கட்டில்

வேலை அனுமதிச் சீட்டின் அடிப்படை நிபந்தனைகள் இவை.

1. சீட்டில் பெயருள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேறிடத்தில் ஒரு நாள் கூலிக்குப் போனாலும் குற்றம்.
2. பொதுவாக அதிகபட்சம் 2 ஆண்டு. இடையில் எந்த நாளிலும் முதலாளி ரத்து செய்யலாம். ரத்தானால் நாடு திரும்ப வேண்டும்.
3. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி அரசிடம் 5,000 வெள்ளி பிணை தர வேண்டும். ஆள் காணாமல் போனால் அந்தப் பணத்துக்கு ஆபத்து.
4. தங்குமிடமும் மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பு. மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பை 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்த்தினார்கள்.
5. குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூர்க் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவரை மணக்க அரசின் முன் அனுமதி வேண்டும்.

நான்காவது நிபந்தனை தொழிலாளியைக் காப்பதற்காக எழுதப்பட்டது. காக்கவும் செய்கிறது, அங்கே யாரும் வாடகைக்கு அறை தேடித் தெருவில் அலைய வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவதுடன் சேரும்போது அதற்கு வேறு முகம் வந்துவிடுகிறது. வேலை, படுக்கை, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் ஒரே கையில். வேலை போனால் மூன்றும் ஒரே நாளில் போகும். வேலை கொடுப்பவரே கூரையும் கொடுப்பது தமிழருக்குப் பழகிய ஏற்பாடுதான். மலாயா ரப்பர் தோட்டத்திலும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் லயங்களில் நான்கு தலைமுறை அப்படி வாழ்ந்திருக்கிறது.

மூட்டைப்பூச்சித் தொல்லை என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி யாரிடம் சொல்வார்? விடுதி நடத்தும் நிறுவனத்துக்கு அவர் வாடிக்கையாளர் இல்லை. வாடகை கட்டும் முதலாளிதான் வாடிக்கையாளர். பிடிக்கவில்லை என்றால் வேறு விடுதிக்கு மாறும் முடிவும் முதலாளியுடையது. முதலாளி பார்ப்பது வாடகையையும் தளத்துக்கு உள்ள தூரத்தையும். கட்டிலில் படுப்பவரின் விருப்பம் விலையாக எங்கேயும் வெளிப்படுவதில்லை. எந்த ஊரிலும் வாடகை வீட்டை ஓரளவு ஒழுங்காக வைத்திருக்கச் செய்வது, குடியிருப்பவர் காலி செய்துவிடுவார் என்ற பயம். இங்கே அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் தரத்தை உயர்த்தும் முழுச் சுமையும் அரசு விதியின் தலையில் விழுகிறது, விதியோ ஒரு பேரிடர் வந்தபோதுதான் அசைகிறது.

தீர்வை, சம்பளம், கடன்

ஒரு தொழிலாளியால் நிறுவனத்துக்கு ஆகும் செலவும், அவர் கையில் சேரும் தொகையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை எண்ணில் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதாமாதம் தீர்வை கட்டுகிறார். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து வரும் அடிப்படைத் திறன் தொழிலாளிக்கு 900 வெள்ளி, உயர்திறன் தொழிலாளிக்கு 500 வெள்ளி.

சிங்கப்பூரில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. புதிதாக வருபவருக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 20 வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. மாதம் 26 நாள்: 520 வெள்ளி.
2. சட்டம் அனுமதிக்கும் உச்சபட்ச ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மாதம் 72 மணி நேரம், ஒன்றரை மடங்குக் கூலி: சுமார் 294 வெள்ளி.
3. ஆக மொத்தம் 814 வெள்ளி.

ஒரு மணி நேர ஓ.டி.கூட விடாமல் உழைத்தவரின் முழு வருமானத்தைவிட, அவருக்காக அரசுக்குப் போகும் தீர்வை அதிகம். அதோடு 400 வெள்ளிக்கு மேல் படுக்கை வாடகை. நிறுவனத்துக்கு அவர் 2,000 வெள்ளிக்கு மேல் செலவு வைக்கும் ஆள். அவரோ குறைந்த கூலிக்காரர். ஆள் குறைப்பை ஊக்குவித்து இயந்திரங்களைக் கொண்டுவரத்தான் தீர்வை என்பது அரசின் விளக்கம். அந்த நோக்கத்தில் தவறில்லை. ஆனால் செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் தீர்வையைத் தொட முடியாது, வாடகையை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. மிஞ்சுவது சம்பளம், சாப்பாடு, போக்குவரத்து.

இனி ஊர்ப் பக்கக் கணக்கு. கட்டுமான வேலைக்குப் போக முதலில் திறன் தேர்வில் தேற வேண்டும். ‘டெஸ்ட் அடித்துப் போவது’ என்று டெல்டா மாவட்டங்களில் சொல்வது இதைத்தான். பயிற்சி மையக் கட்டணம், தேர்வு, ஏஜென்ட் பணம், டிக்கெட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கியதாகவும், வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றும் கொள்வோம். 814 வெள்ளியில் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் போக 600 வெள்ளி மிஞ்சினால், ஒரு வெள்ளி 65 ரூபாய் வீதம் 39,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 15,000 போனால் கடனுக்கு 24,000. முதல் மாதம் அதில் 8,000 வட்டிக்கே போகும். இந்த வேகத்தில் கடன் அடைய ஏறக்குறைய 21 மாதம் ஆகும். சீட்டோ 2 ஆண்டு. உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் ஓ.டி. போனாலோ, மழையில் வேலை நின்றாலோ அந்த மூன்று மாத மிச்சமும் கரையும்.

அறையில் 12 பேரா 16 பேரா, கழிப்பறை சுத்தமா என்றெல்லாம் புகார் செய்ய வேண்டியவர் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார். முதல் ஆண்டில் சீட்டு ரத்தானால் கடன் அவருடைய குடும்பத்தின் மேல் விழும். அவர் வாய் திறக்காமல் இருப்பதை அறியாமை என்று சொல்வது அநியாயம். கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாடும் லாரியும்

தொழிலாளிகள் பலர் மாதக் கட்டணம் கட்டிக் கேட்டரிங் சாப்பாடு எடுக்கிறார்கள். காலை உணவும் மதிய உணவும் விடியுமுன் ஒன்றாகவே பொட்டலமாக வந்துவிடும். மதியப் பொட்டலம் இரவே சமைத்தது. அது வேலைத்தளத்தின் வெயிலிலும் ஈரக் காற்றிலும் ஏழெட்டு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் திறக்கப்படுகிறது. சாம்பாரும் குழம்பும் அதற்குள் நுரைத்துவிடுவது புதிதல்ல. விடுதியில் சமையலறை இருந்தும் ஏன் சமைப்பதில்லை என்று கேட்பவர்கள், ஓ.டி. முடித்து இரவு 9, 10 மணிக்கு அறைக்கு வந்து மறுநாள் விடியுமுன் கிளம்பும் நாளை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும். சமைத்துச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்.

லாரிக்கு வருவோம். சிங்கப்பூரில் சரக்கு வாகனத்தின் பின்பகுதியில் ஆட்களை ஏற்றுவது தடைசெய்யப்பட்டது. அந்தத் தடைக்கு முக்கியமான விதிவிலக்கு, வேலைக்குப் போகும் தொழிலாளர்கள். மேற்கூரை வேண்டும், பக்கத் தடுப்பு உயரமாக இருக்க வேண்டும், இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற விதிகள் படிப்படியாக வந்தன. 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியில் மோதியதில் பங்களாதேஷ்காரர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் இறந்தார்கள். 15 பேர் காயமடைந்தார்கள். நான்கு நாள் கழித்து இன்னொரு விபத்தில் 10 பேர் காயம். 2023-இல் தொழிலாளர் அமைப்புகளும் பொதுமக்களும் தடை கேட்டு மனுக் கொடுத்தபோது, உடனடித் தடை நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு பதில் சொன்னது. பஸ்ஸும் ஓட்டுநரும் போதாது, சிறு நிறுவனங்கள் மூட வேண்டிவரும், கட்டுமானம் தாமதமாகும் என்பவை காரணங்கள்.

பஸ் தட்டுப்பாடு உண்மையானதுதான். ஆனால் விடுதிகளுக்கு 2030, 2040 என்று தேதி குறிக்க முடிந்த ஒரு நாட்டால் லாரிக்கு ஒரு தேதி குறிக்க முடியாதா? தாமதமான தேதி என்றாலும் தேதி குறித்தால்தான் பஸ் வாங்குபவர் வாங்குவார், ஓட்டுநர் பயிற்சி பெறுவார். தேதியே இல்லாத இடத்தில் எந்த நிறுவனமும் தானாக முன்வந்து செலவு செய்யாது. செய்தால் ஒப்பந்த விலையில் போட்டியாளரிடம் தோற்கும்.

சட்டம் தரும் வழிகள்

சீட்டு கையைக் கட்டுகிறது என்றாலும் கதவுகள் முழுக்க மூடியிருக்கவில்லை. போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை:

1. ஐ.பி.ஏ. கடிதம், அதாவது வேலை அனுமதிச் சீட்டுக்குச் சிங்கப்பூர் அரசு தரும் முன் ஒப்புதல் கடிதம். விமானம் ஏறுமுன் கைக்கு வர வேண்டியது. தொழிலாளியின் தாய்மொழியிலும் கொடுக்கப்பட வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் மூன்றும் அதில் இருக்கும். தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா என்பதும் இதில் தெரியும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளத்துக்குச் சிங்கப்பூரில் மதிப்பில்லை. இதில் உள்ள எண்ணுக்கு உண்டு. தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அதைக் குறைக்க முடியாது.
2. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். வேலை தந்ததற்காகவோ சீட்டைப் புதுப்பித்ததற்காகவோ தொழிலாளியிடம் பணம் வாங்குவதும் குற்றம்.
3. கட்டுமானத் துறையில், சீட்டு முடிய 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளிக்கு மாறலாம். மூன்று வாரத்துக்கும் குறைவான இந்தச் சன்னலைத் தவறவிட்டால் சம்மதம் வேண்டும். கடன் அடைத்து முடிந்தவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.
4. சம்பளப் பாக்கி இருந்தால் 2017-இல் தொடங்கிய முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் தரலாம். அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயம்.
5. வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கச் சிறப்பு அனுமதி கிடைக்கும். ஆனால் அந்த அனுமதியில் பொதுவாக வேலை செய்ய முடியாது. அடிபட்டவரின் வீட்டுக்குப் பணம் போவது பல மாதம் நின்றுவிடுவது இங்கேதான்.

உதவிக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையமும், ‘ஹோம்’, ‘டிடபிள்யூசி2’, ‘ஹெல்த்சர்வ்’ போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. தமிழில் பேசி உதவி பெறலாம்.

இந்தியா பார்க்காத வாசல்

இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய நாடுகள் 18. வளைகுடா நாடுகள் ஆறும் அதில் உண்டு, மலேசியா உண்டு. சிங்கப்பூர் இல்லை. அங்கே சட்டம் ஒழுங்காக நடக்கிறது என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் விளைவு என்ன? சவூதிக்குப் போகும் கொத்தனாரின் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகிறது. 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு அவருக்குக் கட்டாயம். அதே ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கம்பி கட்டுபவருக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை. ஆட்சேர்ப்பு முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் விமான நிலையத்தில் யாரும் அனுமதி கேட்காத ஒரு நாட்டுக்கு ஆள் அனுப்பும்போது இந்த வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்க ஆளில்லை.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே உரிமம் பெற்ற முகவர் தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். திருச்சியிலோ சென்னையிலோ ரொக்கமாகக் கைமாறிய பணம் அந்த வரம்புக்கு வெளியே.

தமிழ்நாடு அரசு 1978-லேயே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. தனியார் ஏஜென்ட்களுக்கு மாற்றாக அமைய வேண்டிய இந்த அரசு நிறுவனம், சிங்கப்பூர்க் கட்டுமானத் துறைக்கான பயிற்சியையும் ஆட்சேர்ப்பையும் பெரிய அளவில் கையில் எடுத்தால், மேலே போட்ட கணக்கில் 4 லட்சம் என்ற எண் மாறும். அது மாறினால் 21 மாதமும் மாறும். அதுவரை ஒரு குடும்பம் தன் கையால் செய்யக்கூடியவை உண்டு: ஐ.பி.ஏ. வருமுன் முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பது, வந்த கடிதத்தைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்ப்பது, கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் தேதியும் பெயரும் உள்ள ரசீது வாங்குவது அல்லது வங்கி வழியாக மட்டும் அனுப்புவது. ரசீது தர மறுக்கும் ஏஜென்ட் மீது பின்னால் இந்தியாவில் புகார் கொடுக்கவும் முடியாது, சிங்கப்பூரில் நிரூபிக்கவும் முடியாது.